காலி ஈக்கோ, மழை, கம்பம் மெட்டு இறக்கம்: பின்சக்கர வண்டிக்காரர்கள் சொல்லுங்க

ஏலமூட்டை:
வணக்கம். மாருதி ஈக்கோ வேன், 5 சீட், பெட்ரோல், 2020 மாடல். வாரத்துக்கு மூணு நடை கம்பத்துல இருந்து கம்பம் மெட்டு மலை ரோடு வழியா கேரளாப் பக்கம் வண்டன்மேடு, புத்தடி. ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது பெரும்பாலும் காலி. ஜூன் பொறந்துட்டா மெட்டுக்கு மேல ரோடு காயறதே இல்ல. "பின்சக்கரம் இழுக்குற வண்டி மழையில ஏறாது, வித்துட்டு முன்சக்கர வண்டி வாங்கு"ன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. வண்டிய மாத்தணுமா, டயரையும் ஓட்டுற முறையையும் மாத்துனா போதுமா?

மெட்டுக்காற்று:
தம்பி, ஏத்தத்துக்குப் பயப்படாதீங்க. உர மூட்டையோட ஏறும்போது பாரம் பின் ஆக்சில் மேல உக்காந்திருக்கு, சரிவும் இன்னும் கொஞ்சம் பாரத்தைப் பின்னால தள்ளுது. இழுக்குற சக்கரமும் அதுதான். அந்த நேரத்துல முன்சக்கர வண்டியவிட உங்க வண்டிக்குப் பிடிமானம் அதிகம். போடிமெட்டு, குமுளி, கம்பம் மெட்டுன்னு தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புல பாதி 4x4 (நாலு சக்கரமும் இழுக்குறது) போடாமலேதான் ஏறுது.

ஏமாத்துறது இறக்கம். அதுவும் காலி வண்டி. கணக்குப் போட்டுப் பாருங்க: வண்டி 1000 கிலோ, அதுல 450 பின்னாடி இருக்குன்னு வெச்சுக்குங்க. ஈக்கோ வீல்பேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு நடுவுல உள்ள தூரம்) 2.35 மீட்டர், எடை மையம் தரையில இருந்து 70 செ.மீ. உயரம்னு எடுத்துக்கிட்டா, 12-க்கு 1 சரிவுல இறங்கும்போது 25 கிலோ முன்னால போயிரும். மிதமா பிரேக் வெச்சா இன்னொரு 90 கிலோ போகும். பின்னாடி மிச்சம் 335. அதாவது கால் பங்குக்கு மேல பாரம் பின் டயரை விட்டு எந்திரிச்சிருச்சு. அந்த நேரம் பார்த்து செகண்டுல இருந்து ஃபர்ஸ்டுக்கு மாத்தி கிளட்சைப் பொட்டுன்னு விட்டா, என்ஜின் பிடிக்கிற பிடி மொத்தமும் அந்தப் பின் ரெண்டு டயருக்கு மட்டும்தான் போகும். முன்னாடிக்கு ஒரு துளி கிடையாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த மாதிரிதான். ஈர ரோட்டுல வளைவுக்குள்ள இதைச் செஞ்சா வால் வெளிய வந்துரும்.

வண்டிய விக்க வேணாம். இறங்குற முறைய மாத்துங்க.

லோயர்கேம்ப்:
இங்க எனக்கு உடன்பாடு இல்லண்ணே. இதைப் படிக்கிற புதுப் பசங்க "கியர்ல இறங்கக் கூடாது"ன்னு எடுத்துக்கிட்டு நியூட்ரல்ல விட்டுருவானுங்க. கம்பம் மெட்டுல 18 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டுல 17. அத்தனையும் கால் பிரேக்லயே இறங்குனா பாதியிலேயே டிரம்மும் டிஸ்கும் சூடேறிப் போகும், மிதிச்சா கட்டை மாதிரி இருக்கும், வண்டி நிக்காது. பிரேக் ஆயில் பழசா இருந்தா இன்னும் மோசம். அது தண்ணி உறிஞ்சுற ஆயில். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தலேன்னா உள்ள இருக்குற ஈரம் சூட்டுல ஆவியாகி, பெடல் தரை வரைக்கும் போயிரும். என்ஜின் பிரேக் இல்லாம மலை இறங்குறதைப் பத்திப் பேசவே கூடாது.

மெட்டுக்காற்று:
நியூட்ரல்னு நான் எங்கயும் சொல்லல தம்பி. கியர்லதான் இறங்கணும். கியரை எப்ப மாத்துறோம், எப்படி மாத்துறோம்ங்கறதுதான் பேச்சு.

வேகம் கூடாமப் பிடிச்சு வைக்கிறது கியர் வேலை. வேகத்தைக் குறைக்கிறது கால் வேலை. ரெண்டையும் குழப்பக் கூடாது. வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாடி, ஸ்டியரிங் நேரா இருக்கும்போதே கால் பிரேக்குல வேகத்தைக் குறைச்சிரணும். கியர் குறைக்கணும்னா அங்கயே குறைங்க. குறைக்கும்போது ஆக்சிலேட்டரைச் சின்னதா ஒரு தட்டு தட்டி, என்ஜின் சுத்தைக் கூட்டிக்கிட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. சரியா விட்டா பின்னாடி ஒரு குலுக்கலும் இருக்காது. "டக்"குன்னு மூக்கு குனிஞ்சா தப்பு. வளைவுக்குள்ள நுழைஞ்சதுக்கு அப்புறம் கியரையும் தொடக் கூடாது, பிரேக்கையும் தொடக் கூடாது. அதே கியர்ல உருள விட்டு, வளைவு திறக்கும்போது லேசா ஆக்சிலேட்டர்.

காலி ஈக்கோவுக்கு ஈர ரோட்டுல செகண்டு போதும். ஃபர்ஸ்டு போட்டுத்தான் இறங்க முடியும்ங்கற நிலைமை வந்தா, நீங்க அங்க வந்த வேகமே தப்பு.

லோயர்கேம்ப்:
இப்படிச் சொன்னா சரி. ஒண்ணு சேர்த்துக்கறேன். என்ஜின் பிடியால வால் நழுவ ஆரம்பிச்சா, பலருக்கும் கால் போற இடம் பிரேக். அது கூடவே கூடாது. கிளட்சை அமுக்குங்க. என்ஜின் பிடி விட்டதும் பின்சக்கரம் மறுபடி உருள ஆரம்பிக்கும், உருண்டாத்தான் பிடிமானம் திரும்ப வரும்.

பட்டன்தேய்ஞ்சவன்:
டயர் பத்தி யாரும் பேசலையே. இந்த ஏரியாவுல நடக்குற பெரிய தப்பு, புது டயர் ரெண்டு வாங்குனா முன்னாடி போட்டுட்டு, பழசையோ ரீட்ரெட் அடிச்சதையோ பின்னாடி தள்ளுறது. கேட்டா "ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு"ம்பாங்க. தலைகீழ். நல்ல டயர் எப்பவும் பின்னாடிதான், எந்த வண்டியா இருந்தாலும். முன் டயர் வழுக்குனா வண்டி நேரா போகப் பார்க்கும், காலை எடுத்தாலே பாதி சரியாயிரும். பின் டயர் வழுக்குனா வண்டி சுத்தும். பள்ளத்து ஓரத்துல சுத்துனா சரி பண்ண இடம் இருக்காது.

டயரோட வரிப் பள்ளத்துல குறுக்கா நிக்கிற சின்ன ரப்பர் மேடு, அதான் டி.டபிள்யூ.ஐ. குறி, 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மட்டத்துக்கு வந்துட்டா சட்டப்படியே முடிஞ்சுது. ஆனா மழைக்கு அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. 3 மி.மீ.க்குக் கீழ போனதும் மலை வண்டிக்குப் பின்னாடி வேணாம். 200, 300 ரூபாய்க்கு ஆழம் பார்க்குற கேஜ் கிடைக்குது, வாங்கி டாஷ்போர்டுல போட்டு வைங்க. உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு இடத்துல குத்திப் பாருங்க. நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி.

"மழைக்குக் காத்தைக் குறைச்சா நல்லாப் பிடிக்கும்"னு ஒரு வைத்தியம் சுத்துது. சேத்துல, மணல்ல சரி. தார் ரோட்டுல வேணாம். தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகம் காத்தழுத்தத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ.ல ஏறக்குறைய 90 கி.மீ., 20 பி.எஸ்.ஐ.ல 75. தேஞ்ச டயரா இருந்தா அதுக்கும் முன்னாடியே மிதக்கும். மெட்டுல 25-ல போறப்ப இது பிரச்சனையே இல்ல. கீழ இறங்கி உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் நேர் ரோட்டுல 80-ஐத் தொடும்போதுதான் இருக்கு வேடிக்கை. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல காலி வண்டிக்கு ஒரு அளவு, பாரத்துக்கு ஒரு அளவு இருக்கும். காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க.

ஏலமூட்டை:
நன்றிண்ணே. என் வண்டியில புது டயர் முன்னாடிதான் இருக்கு. நாளைக்கே மாத்திடறேன். இன்னொண்ணு, இறங்கும்போது பின்னாடி மணல் மூட்டை போட்டுக்கலாமா?

கட்டுப்பட்டை:
போடலாம், இடம் முக்கியம். 25 கிலோ மூட்டை மூணு. பின் ஆக்சிலுக்கு நேர் மேல, இல்ல ஒரு சாண் முன்னாடி. கடைசிக் கதவை ஒட்டிப் போட்டா ஆக்சில் நடுவுல நின்னு தராசு மாதிரி ஆயிரும், முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. வளைவுல அந்த எடையே வாலை வெளிய இழுக்கும். கட்டாம போடவே கூடாது. பிரேக் வெச்சா 75 கிலோ மணல் உங்க சீட்டு முதுகுக்கு வந்து நிக்கும். தரையில கொக்கி இல்லேன்னா போல்ட் போட்டு ரெண்டு வளையம் அடிச்சு, லாரிக்காரங்க கட்டுற நாடால இறுக்குங்க. எம்-சாண்ட் வேணாம், ஆத்து மணலா காய வெச்சு ரெட்டைச் சாக்குல போடுங்க. சக்கரம் சேத்துல சுத்துனா ரெண்டு கை அள்ளி டயருக்கு முன்னாடி போடவும் ஆகும்.

ஆனா பாரம் கூடுனா நிக்கிற தூரமும் கூடும். மூட்டை வால் ஆடாம இருக்கத்தான், வேகமாப் போக இல்ல.

இதைவிட முக்கியமா ஒண்ணு பாருங்க. பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போய் ஒரு வால்வுல மாட்டியிருக்கும். இந்த மாதிரி பழைய வண்டிகள் பலதுல உண்டு, உங்க வண்டியில இருக்கான்னு பாருங்க. எல்.எஸ்.பி.வி.ம்பாங்க. பாரம் ஏறுனா பாடி இறங்கும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி விடும். காலி வண்டின்னா குறைச்சு விடும், பின்சக்கரம் பூட்டாம இருக்கறதுக்கு. மலை ரோட்டுச் சேத்துல இது துருப்பிடிச்சு இறுகிப் போயிரும். பாரத்தோட இருக்குற நிலையிலேயே இறுகிருச்சுன்னா, காலி வண்டிக்கும் முழு அழுத்தம் போகும், ஈர ரோட்டுல மிதிச்சதும் பின்சக்கரம் ரெண்டும் பூட்டும். பின் ஸ்பிரிங் தளர்ந்து பாடி தொங்குனாலும் இதே கதைதான். "பாரம் தாங்கல"ன்னு பட்டைக்கு மேல பட்டை ஏத்துனா எதிர்ப்பக்கம் தப்பு நடக்கும்: பாடி எந்நேரமும் தூக்கியே நிக்கிறதால, பாரம் இருக்கும்போதும் வால்வு காலின்னு நினைச்சுக்கும், பின் பிரேக் கிடைக்காது, எல்லாச் சுமையும் முன் டிஸ்குக்கு.

சோதிக்கிறது சுலபம். வண்டிய மேடையில ஏத்தி, கம்பியைக் கையால ஆட்டிப் பாருங்க. லேசா அசஞ்சு, விட்டதும் திரும்பணும். அசையலேன்னா மெக்கானிக்கிட்ட விடுங்க. மூட்டுல துரு போக எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். ஆனா கம்பி நீளத்தைக் கண் மதிப்புல முடுக்கக் கூடாது, அதுக்குக் கம்பெனி அளவு இருக்கு.

முல்லையாறு:
2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில ஏ.பி.எஸ். இருக்குமே, அப்ப பின்சக்கரம் பூட்டாதுல்ல?

கட்டுப்பட்டை:
கால் பிரேக்குக்கு மட்டும்தான் பூட்டாது. கிளட்சைப் பொட்டுன்னு விட்டு என்ஜினால பூட்டுறதை ஏ.பி.எஸ். தடுக்காது. ஹேண்ட் பிரேக்குக்கும் அது தெரியாது. ஏ.பி.எஸ். இருக்குற வண்டியில மிதிச்சா கடகடன்னு காலுக்கு அடியில அடிக்கும். பயந்து காலை எடுக்காதீங்க, அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்புங்க.

தோட்டத்துஜீப்:
சேத்துல மாட்டுறதைப் பத்தி. தோட்டத்துப் பாதைக்குத் திரும்புற இடத்துல ஒரு பின்சக்கரம் தார்லயும் ஒண்ணு சேத்துலயும் நிக்கும். ஆக்சிலேட்டரைக் கொடுத்தா சேத்துல இருக்குறது மட்டும் சும்மா சுத்தும். பின் ஆக்சில் நடுவுல இருக்குற ஹவுசிங்குக்குள்ள இருக்குற டிஃபரன்ஷியல் லேசா இருக்கிற பக்கத்துக்கே சுத்தை அனுப்பும், அதான் காரணம். அப்ப என்ன செய்யணும்னா, ஹேண்ட் பிரேக்கை ரெண்டு மூணு பல் மட்டும் இழுத்துக்கிட்டு செகண்டுல மெதுவா கிளட்சை விடுங்க. சுத்துற சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கிடைச்சதும் அடுத்த சக்கரத்துக்கும் இழுவை போகும். ஏறுனதும் ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்துராதீங்க.

விடாம ரேஸ் பண்ணிக்கிட்டே இருக்கக் கூடாது. ஒரு சக்கரம் நின்னு ஒண்ணு பறந்தா உள்ள ஸ்பைடர் கியர் எண்ணெய் இல்லாமத் தேயும். சேறும் குழியாகி ஹவுசிங் தட்டி உக்காந்துரும்.

கட்டுப்பட்டை:
பழைய ஜீப் வெச்சிருக்கறவங்க கவனிங்க. சிலதுல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இருக்காது, கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல இருக்கும். அதை இழுத்தா ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத் தடை, இந்த வித்தை பலிக்காது. ஓடும்போது இழுத்தா ஜாயிண்ட் கழண்டுரும்.

தோட்டத்துஜீப்:
ஆமா, அதை விட்டுட்டேன். கடைசியா ஒரு வயித்தெரிச்சல்: சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை ரோட்டு நடுவுலயே விட்டுட்டுப் போறீங்களே, அது யாருக்கு? பின்னாடி பைக்குல வர்றவன் மூடுபனியில அது மேலதான் ஏறுறான்.

குமுளிமேடு:
வழுக்குற இடம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. பல நாள் வெயிலுக்கு அப்புறம் பெய்ற முதல் அரைமணி நேரத் தூறல்தான் மோசம். ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் கலந்து சோப்புத் தண்ணி ஆயிரும். நல்லா அடிச்சுப் பெஞ்சு கழுவிட்டா பரவாயில்ல. கொண்டை ஊசி வளைவோட வெளிவட்டத்துல டீசல் கிடக்கும், டேங்க் ரொம்ப நிரப்புன லாரி திரும்பும்போது சிந்துறது. ஈரத்துல அது மயில் கழுத்து மாதிரி வானவில் காட்டும். கண்ணாடிய இறக்கி விட்டிருந்தா பார்க்குறதுக்கு முன்னாடியே வாடை வந்துரும். பிரேக் தொடாம, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, அந்தப் பட்டைக்கு உள்பக்கமா போயிருங்க. சிமெண்டுக் கல் பதிச்ச வளைவுல பாசி பிடிச்சிருக்கும். தோட்டத்து ஜீப் ஏறுற இடத்துல டயர் கொண்டு வந்த செம்மண், அதுவும் காயாம இருக்கும்.

கேரளாப் பக்கம் இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டா ராத்திரிப் பயணத்தைத் தடுத்துருவாங்க. சபரிமலை சீசன்ல கம்பம் மெட்டுல ஏத்தி குமுளியில இறக்குற ஒருவழி மாத்தமும் வரும். ரெண்டையும் கேட்டுக்கிட்டு மூட்டை ஏத்துங்க. ஒடுங்கின இடத்துல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குற நீங்க ஒதுங்கி நிக்கணும். ஒதுங்குறது மலைப் பக்கமா. ஊறிப் போன பள்ளத்து ஓரத்து மண்ணை நம்பக் கூடாது.

மூடுபனியில டிம் லைட்டுதான். பிரைட் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டுப் போறதை நிறுத்துங்க, எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னே யாருக்கும் தெரியாது.

ஜனவரிபயணம்:
இழை தலைப்புக்கு வெளிய ஒரு கேள்வி, மன்னிக்கணும். ஜனவரியில நாங்க நாலு பேர் ஸ்கார்பியோ எடுத்துக்கிட்டு மணாலி போறோம். 4x4 இல்ல, பின்சக்கரம் மட்டும். இங்க மழையில ஓட்டுற மாதிரியே பனியிலயும் ஓட்டிறலாமா?

மெட்டுக்காற்று:
முறை ஒண்ணுதான், அளவு வேற. 30 கி.மீ. வேகத்துல சமதரையில நிக்கிற தூரம்: காஞ்ச தார்ல 5 மீட்டர், நனைஞ்ச தார்ல 9, மிதிச்சு இறுகின பனியில 18, கண்ணாடி ஐஸ்ல 35. நீங்க பார்த்து யோசிக்கிற நேரத்துல ஓடுற தூரம் இதுல சேராது. சரிவுல கதையே வேற. ஐஸோட பிடிமானம் 0.1 தான், அதாவது வண்டி எடையில பத்துல ஒரு பங்கு. 10-க்கு 1 சரிவுல இறங்குனா பிரேக்கோட பிடி முழுசையும் சரிவே தின்னுரும், வண்டி நிக்கவே நிக்காது. நம்ம மூணாறு உறைபனிய வெச்சு இதை எடை போடாதீங்க. அது பெரும்பாலும் புல்லுலயும் தேயிலை மேலயும் படியுறது.

சங்கிலி வாங்குங்க, டயர் பக்கத்துல போட்டிருக்கிற அளவுக்குச் சரியா. பின்சக்கர வண்டிக்குப் பின்னாடிதான் மாட்டணும். பனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, சமமான இடத்துல மாட்டுங்க. 100 மீட்டர் ஓட்டிட்டு இறங்கி மறுபடி இறுக்குங்க, முதல் சுத்துலயே தளரும். 30, 40-க்கு மேல போகாதீங்க, தார் தெரிஞ்சதும் கழட்டிருங்க. பின்னாடி மட்டும் சங்கிலி இருந்தா ஏறிரும், ஆனா இறக்கத்துல முன்சக்கரம் திரும்பாம நேரா போகப் பார்க்கும். அதனால நடை வேகம். கிளம்புறது செகண்டுல. ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீங்க, ஷூ டிரம்மோட உறைஞ்சு ஒட்டிக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல் வைங்க.

நம்ம ஊர் டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ இறுகிப் போகும். பனி விழுற நாள்ல 4x4-ஐயும் சங்கிலி போட்ட வண்டியையும் மட்டும் விடுறதும் உண்டு. என்னைக் கேட்டா ஸ்கார்பியோவை மணாலியில நிறுத்திட்டு, மேல போக உள்ளூர் 4x4-ஐ டிரைவரோட பிடிச்சுக்குங்க.

ஏலமூட்டை:
மெட்டுக்காற்று அண்ணே, ஒண்ணு புரியல. வால் வெளிய வந்தே போச்சுன்னா ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பறது? "வழுக்குற பக்கம் திருப்பு"ன்னு சொல்றாங்க, முன்பக்கமா பின்பக்கமான்னு குழப்பம்.

மெட்டுக்காற்று:
அந்த வாசகத்தை மறந்துருங்க. வண்டி போக வேண்டிய ரோட்டைப் பாருங்க, முன்சக்கரத்தை அந்தப் பக்கம் காட்டுங்க. அவ்வளவுதான். வலது வளைவுல வால் இடது பக்கம் போனா, முன்சக்கரம் தானா இடது பக்கம் வரும். பள்ளத்தைப் பார்த்தா கை பள்ளத்துக்குத்தான் திருப்பும்.

முதல்ல தெரியுறது கண்ணுக்கு இல்ல, சீட்டுக்கு. இடுப்புக்குக் கீழ வண்டி பக்கவாட்டுல ஒரு விரக்கடை நகர்ற மாதிரி இருக்கும். அந்த நொடியிலேயே ஆக்சிலேட்டர்ல கால் இருந்தா மெதுவா எடுங்க, என்ஜின் பிடியால வந்ததுன்னா கிளட்சை அமுக்குங்க. திருப்பின ஸ்டியரிங்கை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. வால் திரும்ப வர ஆரம்பிக்கும்போதே நேராக்கிரணும். பிந்திட்டா எதிர்ப்பக்கம் ஒரு வீச்சு வீசும், ரெண்டாவது வீச்சு முதலாவதைவிடப் பெருசா இருக்கும். கவிழுற வண்டியில பலதும் அந்த ரெண்டாவதுலதான்.

லோயர்கேம்ப்:
இதெல்லாம் 25 கி.மீ. வேகத்துலதான் பலிக்கும். 45-ல வளைவுக்குள்ள போயிட்டு கிளட்சைத் தேடுனா நேரம் இருக்காது.

ஏலமூட்டை:
சரிண்ணே. டயரை முன்ன பின்ன மாத்துனதும் அலைன்மெண்ட் பார்க்கணுமா?

பட்டன்தேய்ஞ்சவன்:
சக்கரத்தை இடம் மாத்துறதுக்காக அலைன்மெண்ட் தேவையில்ல. பின்னாடி போன டயருக்குக் காத்து அளவைத் திருத்துங்க, முன்னாடி வந்ததுக்கு பேலன்சிங் பாருங்க. 50 கி.மீ. ஓடினதும் நட்டை ஒரு தடவை இறுக்கிக்குங்க. முன்னாடி வந்த பழைய டயர் 3 மி.மீ.க்குக் கீழ இருந்தா அதையும் தூக்கிருங்க. ஜூன் வரைக்கும் இழுக்காதீங்க.